பணம் எப்ப வேணும்? – எக்கனாமிக்ஸ் மாணவர்கள் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி எக்கனாமிக்ஸ் படிக்கிற பசங்க அனுப்பினது. அதுலயும் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான், "எதுல போட்டா நல்லா வரும்?" அதை கடைசிக்கு தள்ளி வெச்சிருக்கேன், காரணம் போகப் போக புரியும்.

கே: நிதிச் சந்தைன்னா ஷேர் மார்க்கெட் தானே சார்? பாடப் புத்தகத்துல ஏன் இத்தனை பேர் போட்டு குழப்புறாங்க? – முதலாமாண்டு மாணவி

ப: இல்லம்மா. ஷேர் மார்க்கெட்தான் அதிகமா சத்தம் போடும், அதனால அதுதான் எல்லாம்னு தோணுது. உலக அளவுல பாத்தா கடன் பத்திர மார்க்கெட், அதாவது பாண்டு மார்க்கெட், அதை விட பெருசு. கரன்சி மார்க்கெட்ல 2022 கணக்குப்படி ஒரே நாள்ல கை மாறுற தொகை சுமார் 7.5 ட்ரில்லியன் டாலர், அது பாட்டுக்கு சத்தமில்லாம நடக்குது.

பேர் எத்தனை இருந்தாலும் வேலை ஒண்ணுதான். ஒருத்தர்கிட்ட இன்னைக்கு பணம் இருக்கு, செலவு இல்ல. இன்னொருத்தருக்கு இன்னைக்கு செலவு இருக்கு, பணம் நாளைக்குத்தான் வரும். இவங்க ரெண்டு பேரையும் கோத்து விடுறதுதான் இந்த மார்க்கெட்டுகளோட வேலை. ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரணும்னா மணி மார்க்கெட், அதுக்கு மேல போனா கேபிடல் மார்க்கெட். பாண்டுல எந்த தேதியில எவ்வளவு வரும்னு முன்னாடியே எழுதிக் கையெழுத்து போட்டாச்சு. ஷேர்ல அப்படி எதுவும் எழுதல, சம்பளம், வட்டி, வரின்னு எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தா உங்களுக்கு, இல்லைன்னா இல்ல. டெரிவேடிவ்னு பயமுறுத்துற பேர் இருக்கே, அதுல ஒரு பெரிய பகுதி நாளைக்கு நடக்கப்போற வியாபாரத்துக்கு இன்னைக்கே விலை பேசி முடிக்கிறதுதான். கவனிச்சுப் பாருங்க, எல்லாத்துலயும் நாள் கணக்குதான் வித்தியாசம். மார்க்கெட்ல விக்கிறது வாங்குறது எல்லாம் காலத்தைத்தான்னு நான் சொல்லுவேன், வாத்தியார் ஒத்துக்குவாரான்னு தெரியல.

கே: நான் ஒரு ஷேரை எக்ஸ்சேஞ்ச்ல வாங்கினா அந்தப் பணம் கம்பெனிக்குப் போறதே இல்லையாமே, வித்தவனுக்குத்தான் போகுதாமே. அப்ப இது பொருளாதாரத்துக்கு என்னதான் பண்ணுது? சூதாட்டம்தானே? – இரண்டாமாண்டு மாணவர்

ப: நல்ல கேள்வி தம்பி, இதுக்கு 400 வருஷத்துக்கு முந்தின பதில் இருக்கு. 1602ல டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிக்கிறாங்க. கப்பல் போய் சரக்கோட திரும்பி வர வருஷக்கணக்குல ஆகும், பாதியில மூழ்கிப் போனாலும் போச்சு. அதுக்கு முன்னாடியெல்லாம் ஒரு பயணத்துக்கு பணம் போட்டா அந்தப் பயணம் முடிஞ்சதும் கணக்கு முடிச்சு பிரிச்சுக்குவாங்க. இந்தக் கம்பெனியில அப்படி இல்ல, போட்ட பணம் உள்ளேயே இருக்கும், பத்து வருஷம் கழிச்சு கணக்கு பாத்து வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்னு பேச்சு. 1612 வந்துச்சு, கணக்கு முடிக்கவே இல்ல. சரி, நடுவுல ஒருத்தருக்கு வீட்டுல கல்யாணம் காட்சின்னு பணம் வேணும்னா என்ன பண்ணுவார்? கம்பெனி தராது. தன் பங்கை இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுத்துட்டு அவர்கிட்ட வாங்கிக்கலாம், அதுக்கு கம்பெனி புத்தகத்துல பேர் மாத்த வசதி இருந்துச்சு. ஆம்ஸ்டர்டாம்ல ஷேர் வியாபாரம் இப்படித்தான் சூடு பிடிச்சது.

இப்ப யோசிங்க. கம்பெனிக்கு நிரந்தரமா பணம் வேணும், பணம் போடுறவருக்கு எப்ப வேணும்னாலும் வெளிய வர வழி வேணும். இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாத ஆசை. ரெண்டையும் ஒரே நேரத்துல நிறைவேத்துற ஏற்பாடுதான் செகண்டரி மார்க்கெட். நீங்க வாங்குற பணம் கம்பெனிக்குப் போகல, வாஸ்தவம், ஆனா நாளைக்கு விக்க ஒரு இடம் இருக்குன்னு தெரிஞ்சதாலதான் முதல் ஆள் கம்பெனிக்கே பணம் கொடுத்தார். வெளிய போற கதவு இல்லாத ரூமுக்குள்ள யார் போவா?

சூதாட்டம் நடக்குதான்னா, நடக்குது. 1609லயே ஒரு கூட்டம் கையில இல்லாத பங்கை வித்து விலையை இறக்கப் பாத்தாங்க, அதுக்குத் தலைமை அந்தக் கம்பெனியிலேயே முன்னாடி இயக்குநரா இருந்த ஐசக் லெ மேர், 1610ல அரசாங்கம் அதுக்கு தடை போட்டுச்சு. அதாவது மார்க்கெட் பொறந்து பத்து வருஷம் ஆகறதுக்குள்ள ஷார்ட் செல்லிங்கும் வந்துடுச்சு, கட்டுப்பாடும் வந்துடுச்சு. பரீட்சைல எழுத வேண்டாம், சும்மா தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

கே: வட்டி ஏறினா பாண்டு விலை இறங்கும்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டேன், ஆனா ஏன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல. அரசாங்க பாண்டு பத்திரமானதுன்னும் சொல்றாங்க, அப்புறம் எப்படி நஷ்டம் வரும்? – பெயர் வேண்டாம், அசிங்கமா இருக்கு

ப: இதுல அசிங்கமே இல்ல. பேங்க் நடத்துறவங்களுக்கே 2023ல இது புரியாம போச்சு, சொல்றேன்.

ஒரு பாண்டு வருஷா வருஷம் 5 தரும், முடிவே கிடையாது, எப்பவும் தந்துக்கிட்டே இருக்கும்னு வெச்சுக்கோங்க. ஊர் வட்டி 5 சதவீதமா இருந்தா அதோட விலை 100. நாளைக்கு வட்டி 10 சதவீதம் ஆயிடுச்சு. இப்ப புதுசா வர்ற பாண்டுல 50 போட்டாலே வருஷம் 5 கிடைக்குது. அப்ப உங்க பழைய பாண்டுக்கு 100 கொடுக்க எவன் வருவான்? 50 தான். பாண்டு தர வேண்டியதை ஒழுங்கா தந்துக்கிட்டுதான் இருக்கு, யாரும் ஏமாத்தல, ஆனா விலை பாதி.

இப்ப இன்னொரு பாண்டு, ஒரே வருஷத்துல 105 கொடுத்துட்டு கணக்கை முடிச்சுக்கும். அதே மாதிரி வட்டி 10 ஆகுது. 105ஐ 1.10ஆல வகுத்துப் பாருங்க, 95.45. அவ்வளவுதான் இறங்குச்சு. ரெண்டும் அதே வட்டி, ஒரே அரசாங்கம் கொடுத்ததாவும் இருக்கலாம், வித்தியாசம் எத்தனை வருஷம் கட்டிப் போட்டு வெச்சிருக்கீங்கங்கிறதுல மட்டும்தான். இதைத்தான் புத்தகத்துல டியூரேஷன்னு பெருசா ஃபார்முலா போட்டு வெச்சிருக்காங்க.

நிஜத்துல பாக்கணும்னா ஆஸ்திரியா அரசாங்கம் 2020ல ஒரு நூறு வருஷ பாண்டு வித்துச்சு, வட்டி வெறும் 0.85 சதவீதம், பணம் திரும்பி வர்றது 2120ல. வாங்கினவங்களும் பேரன் பேத்தி காலத்துக்குன்னு வாங்கல, வட்டி இன்னும் இறங்கும், விலை ஏறும்னு வாங்கினாங்க, கொஞ்ச நாள் ஏறவும் செஞ்சுது. 2022ல உலகம் பூரா வட்டி ஏறினதும் விலை பாதிக்கும் கீழ போயிடுச்சு. ஆஸ்திரியா ஒரு பைசா பாக்கி வைக்கல.

இப்ப அந்த பேங்க் கதை. அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்க். டெபாசிட் போட்டவங்க எந்த நாள் வேணும்னாலும் வந்து கேக்கலாம், ஆனா பேங்க் அந்தப் பணத்தை நீண்ட கால பாண்டுகள்ல போட்டு வெச்சிருந்துச்சு. அதுல பெரும்பகுதி அரசாங்க ஆதரவு உள்ள பத்திரங்கள்தான், காகிதத்துல பாத்தா பத்திரமோ பத்திரம். வட்டி ஏறி விலை விழுந்துச்சு. 2023 மார்ச் 8ஆம் தேதி பாண்டு வித்ததுல சுமார் 1.8 பில்லியன் டாலர் நஷ்டம்னு அறிவிச்சாங்க, அடுத்த நாள் ஒரே நாள்ல 42 பில்லியன் டாலர் கேட்டு டெபாசிட்காரங்க வந்துட்டாங்க, 10ஆம் தேதி பேங்கை மூடியாச்சு. வாங்கின பொருள் கெட்டுப் போகல. நாளைக்கு கேக்கக் கூடிய பணத்தை பத்து வருஷம் கழிச்சு வர்றதுல போட்டதுதான் தப்பு. பத்திரமானதான்னு கேட்டா மட்டும் போதாது, எந்தத் தேதிக்கு பத்திரம்னும் கேக்கணும்.

கே: ரிஸ்க்னா ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னு புரொஃபசர் சொல்றாரு. எனக்கு ரிஸ்க்னா பணம் போறது. யார் சரி? – மூன்றாமாண்டு மாணவர்

ப: ரெண்டு பேருமே, ஆனா வேற வேற ஆளுக்கு. ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னா லாபம் தன் சராசரியில இருந்து எவ்வளவு தள்ளித் தள்ளி ஆடுதுங்கிற அளவு. முதல்ல புரொஃபசர் பக்கம் பேசுறேன். 100 போட்டீங்க, இந்த வருஷம் 50 சதவீதம் ஏறி 150, அடுத்த வருஷம் 50 சதவீதம் இறங்கி 75. சராசரி எடுத்தா பூஜ்ஜியம், பையில பாத்தா கால்வாசி காணோம். அதுவே 10 ஏறி 10 இறங்கினா 99. ஆட்டம் பெருசாக ஆக ஓட்டை பெருசாகுது, தோராயமா சொன்னா வேரியன்ஸ்ல (ஸ்டாண்டர்ட் டீவியேஷனோட வர்க்கம்) பாதி அளவு வருஷா வருஷம் கூட்டு வட்டியில இருந்து கழிஞ்சுடும். அதனால ஏத்த இறக்கத்தை வெறும் மன உளைச்சல்னு ஒதுக்க முடியாது.

உங்க பக்கமும் நியாயம் இருக்கு. அமெரிக்க ஷேர் குறியீடு டவ் ஜோன்ஸ் 1929 செப்டம்பர்ல 381ல நின்னுச்சு, 1932 ஜூலைல 41. பழைய உச்சத்தை திரும்பத் தொட்டது 1954 நவம்பர்ல, 25 வருஷம். (டிவிடெண்டை, அதாவது கம்பெனி லாபத்துல இருந்து பங்குதாரருக்குக் கொடுக்கிறதை, சேர்த்துப் பாத்தா அவ்வளவு நாள் ஆகல, அதையும் சொல்லிடணும்.) ஜப்பானோட ஷேர் குறியீடு நிக்கேய் 1989 கடைசியில தொட்ட உச்சத்தை தாண்டினது 2024 பிப்ரவரியில, 34 வருஷம். நீண்ட காலம் வெச்சா ஷேர் எப்பவும் ஜெயிக்கும்னு சும்மா சொல்றாங்களே, அந்த நீண்ட காலம் சில நேரம் ஒருத்தரோட வேலை வாழ்க்கை பூரா ஆயிடும். ரெண்டு வருஷத்துல பணம் வேணுங்கிறவருக்கு 30 சதவீத இறக்கம்னா முதலுக்கே மோசம், அதே இறக்கம் இன்னும் 30 வருஷம் மாசா மாசம் வாங்கப் போறவருக்கு மலிவு விற்பனை. ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு இந்த ரெண்டு ஆளோட வித்தியாசம் தெரியாது, அதுல அதுதான் குறை.

கே: டைவர்சிஃபிகேஷன்னா நிறைய ஷேர் வாங்கி வெச்சுக்கிறது, சரிதானே?

ப: எண்ணிக்கை முக்கியமில்ல. ஹேரி மார்கோவிட்ஸ்னு ஒருத்தர், 25 வயசு கூட ஆகல, 1952ல ஒரு கட்டுரை எழுதினார், பின்னாடி 1990ல நோபல் வாங்கிக் கொடுத்துச்சு. அவர் சொன்னதோட சாரம், ஒரு ஷேர் தனியா எவ்வளவு ஆடுதுன்னு பாக்காத, மத்ததோட சேர்ந்து ஆடுதா, எதிரா ஆடுதான்னு பாரு. இருபது ஏர்லைன்ஸ் ஷேர் வாங்கினா எண்ணெய் விலை ஏறுற அன்னைக்கு இருபதும் சேர்ந்து அழும். அதுல பாதிக்கு ஒரு எண்ணெய் கம்பெனி இருந்தா ஒண்ணு அழும்போது ஒண்ணு சிரிக்கும். ஆனா 2008 மாதிரி நெருக்கடி வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல கிடைச்சதை வித்துட்டு ஓடுவாங்க, அப்ப எதிரும் புதிருமா இருந்ததெல்லாம் ஒரே பக்கம் சாயும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், தன் சொந்த ஓய்வுக்காலப் பணத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு வந்தப்ப மார்கோவிட்ஸ் தன் கணக்கைப் போடவே இல்ல, ஷேர்ல பாதி பாண்டுல பாதின்னு போட்டுட்டார். ஷேர் ஏறும்போது நாம உள்ள இல்லையேன்னும் வருத்தப்படக் கூடாது, விழும்போது முழுசா உள்ள இருந்தோமேன்னும் வருத்தப்படக் கூடாதுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார்.

கே: எல்லாத் தகவலும் ஏற்கெனவே விலையில இருக்குன்னா (எஃபிஷியன்ட் மார்க்கெட்) அப்ப நாங்க ஏன் இந்தப் பாடத்தை படிக்கணும்? – எரிச்சலோட ஒரு மாணவி

ப: இதே எரிச்சல் கிராஸ்மன், ஸ்டிக்லிட்ஸ்னு ரெண்டு பேருக்கும் வந்து 1980ல அதையே கட்டுரையா எழுதிட்டாங்க. எல்லாமே விலையில இருந்தா யாரும் காசு செலவு பண்ணி தகவல் தேட மாட்டாங்க, யாரும் தேடலைன்னா விலைக்குள்ள தகவல் எப்படி வரும்? அதனால மார்க்கெட் முழு எஃபிஷியன்ட்டா இருக்கவே முடியாது, தேடுறவங்களுக்கு கூலி கிடைக்கிற அளவுக்காவது ஓட்டை இருந்தே ஆகணும். 2013ல நோபல் கமிட்டி, விலை சரியாத்தான் இருக்கும்னு சொன்ன ஃபாமாவுக்கும் விலை கன்னாபின்னான்னு ஆடுதுன்னு சொன்ன ஷில்லருக்கும் (கூடவே ஹான்சனுக்கும்) சேர்த்தே பரிசு கொடுத்துடுச்சு, பஞ்சாயத்து இன்னும் முடியல.

ஆனா நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அந்தப் பஞ்சாயத்து முடியணும்னு அவசியமில்ல. வில்லியம் ஷார்ப்னு ஒரு பொருளாதார அறிஞர் 1991ல ஒரு சின்ன கணக்கு காட்டினார். மார்க்கெட்ல இருக்கிற எல்லாரோட லாபத்தையும் கூட்டினா அதுதான் மார்க்கெட் லாபம். சும்மா மொத்த மார்க்கெட்டையும் வாங்கி வெச்சவங்களுக்கு அந்த சராசரி கிடைச்சுடுது. அப்ப தேடித் தேடி வாங்கி விக்கிறவங்க எல்லாரும் சேர்ந்து வாங்குறதும் அதே சராசரிதான், ஆனா அவங்களுக்கு செலவு ஜாஸ்தி. செலவைக் கழிச்சா சராசரிக்கும் கீழ. சிலர் ஜெயிப்பாங்க, ஜெயிக்கிறது தோக்குற இன்னொருத்தர்கிட்ட இருந்துதான் வரணும். ஜான் போகிள் 1976ல பொதுமக்களுக்கு இண்டெக்ஸ் ஃபண்டு (மார்க்கெட் குறியீட்டுல இருக்கிற ஷேரை எல்லாம் அப்படியே வாங்கி வெச்சுக்கிற ஃபண்டு) கொண்டு வந்தப்ப 150 மில்லியன் டாலர் வரும்னு எதிர்பார்த்து வந்தது 11 மில்லியன் சொச்சம். சராசரி போதும்னு சொல்றவனை அப்ப யாரும் மதிக்கல.

கே: நஷ்டத்துல இருக்கிற ஷேரை விக்கவே மனசு வரல, லாபத்துல இருக்கிறதை மட்டும் உடனே வித்துடுறேன். எனக்கு மட்டும்தான் இப்படியா? – படிச்சுக்கிட்டே பகுதி நேர வேலை பாக்கிறவர்

ப: இல்லங்க, நீங்க பாடப் புத்தக உதாரணம். ஷெஃப்ரின், ஸ்டாட்மன்னு ரெண்டு பேர் 1985லயே இதுக்கு பேர் வெச்சுட்டாங்க, டிஸ்பொசிஷன் எஃபெக்ட். அடியில இருக்கிறது கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியலாளர்கள் 1979ல சொன்னது, 100 கிடைக்கிற சந்தோஷத்தை விட 100 போற வலி பெருசு. விக்காத வரைக்கும் அது நஷ்டம் இல்லன்னு மனசு கள்ளக் கணக்கு எழுதும்.

நானும் கையைச் சுட்டுக்கிட்டவன்தான். படிச்ச காலத்துல வாங்கின ஒரு ஷேர், பேர் வேண்டாம், பாதியாச்சு. வாங்கின விலை வந்ததும் வித்துடலாம்னு உக்காந்தேன். பாதியான ஷேர் வாங்கின விலைக்கு வரணும்னா இரட்டிப்பு ஆகணும், இந்தக் கணக்கு அப்பவும் எனக்குத் தெரியும், வகுப்புல முதல் ஆளா சொல்லுவேன், ஆனா விக்கல. கடைசியில அந்தக் கம்பெனியே இல்ல. நான் என்ன விலைக்கு வாங்கினேங்கிறது எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம், மார்க்கெட்டுக்கு அதைப் பத்தி அக்கறையே இல்லைங்கிறது ரொம்ப லேட்டாத்தான் உறைச்சுது. இந்த ஷேரை இன்னைக்கு இந்த விலைக்கு புதுசா வாங்குவேனான்னு கேட்டுப் பாருங்க, மாட்டேன்னு பதில் வந்தா மேல யோசிக்க ஒண்ணுமில்ல. புத்தி இருந்தா தப்பிச்சுக்கலாம்னும் இல்ல, நியூட்டன் 1720ல சவுத் ஸீ கம்பெனி ஷேரை முதல்ல லாபத்துக்கு வித்துட்டு வெளிய வந்தார், விலை இன்னும் ஏறுறதைப் பாத்து பொறுக்காம மேல விலைக்கு திரும்ப உள்ள போனார், கவுந்தார்.

கே: ஃபிரெண்டு ஆப்ஷன் டிரேடிங்ல சம்பாதிக்கிறான், கடன் வாங்கி செய்யலாமா?

ப: வேண்டாம். ஆப்ஷன்னா ஒரு ஷேரை முன்னாடியே பேசின விலைக்கு பின்னாடி வாங்கவோ விக்கவோ உரிமை, கட்டாயம் இல்ல. லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட்னு ஒரு ஃபண்டு, ஆப்ஷனுக்கு விலை போடுறது எப்படின்னு கண்டுபிடிச்சு 1997ல நோபல் வாங்கின மெர்ட்டன், ஷோல்ஸ் ரெண்டு பேரும் அதுல பங்குதாரர்கள். சொந்தப் பணத்தைப் போல சுமார் 25 மடங்கு சொத்து, மிச்சமெல்லாம் கடன். 25 மடங்குன்னா 4 சதவீதம் இறங்கினாலே சொந்தப் பணம் காலி. அடுத்த வருஷமே, 1998ல, பேங்க்குகள் சேர்ந்து 3.6 பில்லியன் டாலர் போட்டு தூக்க வேண்டி வந்துச்சு. அவங்க நினைச்ச விலை கடைசியில வந்திருக்கலாம், அது வரைக்கும் தாங்க கையில பணம் இல்ல. உங்க ஃபிரெண்டு நோபல் வாங்கினதும் எழுதுங்க.

கே: எதுல போட்டா நல்லா வரும்? – ஏகப்பட்ட பேர்

ப: பணம் எப்ப வேணும்? இதைச் சொல்லாம அந்தக் கேள்விக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது, சொன்னா அவர் எதையோ விக்க வந்திருக்கார்னு அர்த்தம். அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டுற பணம்னா அது ஷேர் பக்கமே போகக் கூடாது, குறுகிய கால டெபாசிட் மாதிரி கேட்ட உடனே அப்படியே திரும்பி வர்ற இடத்துல கிடக்கட்டும், பணவீக்கம் கொஞ்சம் தின்னாலும் பரவாயில்ல. மூணு நாலு வருஷத்துல வேணும்னா அதே காலத்துல முடியற பாண்டு, மேல சொன்ன கணக்கை ஞாபகம் வெச்சுக்கிட்டு. 20, 30 வருஷத்துக்கு தொடவே மாட்டேன்னா அப்ப வங்கி டெபாசிட்லயே வெச்சிருக்கிறதுதான் ஆபத்து, 6 சதவீதம் வட்டி வந்து பணவீக்கம் 7 ஆனா நம்பர் வளரும், வாங்குற சக்தி தேயும். அங்கதான் ஷேருக்கு இடம், அதுவும் மொத்த மார்க்கெட்டா. இதுக்கெல்லாம் முன்னாடி அதிக வட்டி கடன் இருந்தா அதை அடைங்க, 20 சதவீத வட்டிக் கடனை அடைக்கிறது ரிஸ்க்கே இல்லாம 20 சதவீதம் சம்பாதிச்ச மாதிரி, அப்படி ஒரு பாண்டு உலகத்துல எங்கயும் விக்கல.

செலவைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன், இதை யாரும் கேக்கவே இல்ல, ஆச்சரியம். 100 போட்டு வருஷம் 7 சதவீதம் 40 வருஷம் வளர்ந்தா கிட்டத்தட்ட 1,497. நடுவுல ஒருத்தர் வருஷா வருஷம் ஒரே ஒரு சதவீதம் கட்டணம் எடுத்துக்கிட்டா உங்களுக்கு 6 சதவீதம், அதே 40 வருஷத்துல 1,029. ஒரு சதவீதம்தானேன்னு விட்டதுல மூணுல ஒரு பங்கு கிட்ட போயிடுச்சு, ரிஸ்க் எடுத்தது பூரா நீங்க. ஃபண்டு விவரத்தாள்ல அந்த சதவீதம் எங்கயாவது பொடி எழுத்துல இருக்கும், முதல்ல அதைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டு மத்ததைப் படிங்க.